கலப்பையும் டிராக்டரும் கை கோத்த வரலாறு

பழைய டிராக்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "எத்தனை குதிரைத் திறன்?" என்பதே முதற்கேள்வியாக எழும். கேட்கத்தக்க கேள்விதான். ஆயினும், ஓட்டுபவனின் உயிரைக் காத்தது எஞ்சினின் திறனன்று. வண்டியோடு கலப்பையைப் பிணைத்த முறையே ஆகும்.

முதல் உலகப் போரில் ஆட்களும் குதிரைகளும் போர்முனைக்குச் சென்றுவிட, இங்கிலாந்தில் உழவு தளர்ந்தது. அந்நாட்டு அரசு, அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டிடம் 6,000 டிராக்டர்கள் வேண்டுமெனக் கேட்டது. 1917-இல் ஃபோர்ட்சன் 'எஃப்' வகை வெளிவந்தது. நான்கு சிலிண்டர், சுமார் 20 குதிரைத் திறன், எடை ஏறத்தாழ 1,200 கிலோகிராம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றோடொன்று முடுக்கியதே அதன் முதுகெலும்பு. 1918-இல் 750 டாலராக இருந்த விலை 1922-இல் 395 டாலராக இறங்கவே, உழவர்கள் விரும்பி வாங்கினர்.

ஆனால் அதில் ஒரு கொடிய குறை இருந்தது. கலப்பை, வண்டிக்குப் பின்னே வெறுமனே மாட்டி இழுக்கப்பட்டது. கொழு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் என்னவாகும்? பற்கள் பொருத்திய இரும்புச் சக்கரங்கள் மண்ணைக் கவ்விக்கொள்ளும், எஞ்சினோ விடாது. சக்கரம் சுழல வழியில்லாதபோது, பின் அச்சைச் சுற்றி வண்டியே சுழல முற்படும். முன்சக்கரங்கள் மேலெழும்; கண் இமைக்கும் நேரத்தில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவனை நசுக்கிவிடும். இவ்வாறு மாண்டோர் பலர்.

இதற்கு விடை கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் அயர்லாந்தின் டௌன் மாவட்டத்தில் உழவர் வீட்டில் பிறந்தவர்; 1909-இல் தாமே செய்த விமானத்தில் பறந்த துணிச்சல்காரர். வண்டி வேறு, கலப்பை வேறு என்றிருப்பதே பிழை எனக் கண்டார். பல்லாண்டு முயன்று, கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகளால் இரண்டையும் இணைத்தார்.

இதை விளக்க நான் வகுப்பில் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைவதுண்டு. கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கும். மண் கொழுவைப் பின்னுக்குத் தள்ள, கலப்பையின் மேற்பகுதி முன்னே சாய முயலும். அந்தச் சாய்வு மேற்கையின் வழியே வண்டியைத் தள்ளி, முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். கவிழ்க்க வந்த விசையே காவலாயிற்று! எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய தூக்கி, உழவின் ஆழத்தைச் சீராக வைத்தது. பின்சக்கரங்களுக்கும் பிடிப்புக் கூடியது. எனவே, பாரமான வண்டி தேவைப்படவில்லை.

1938-இல் ஃபோர்டும் ஃபெர்குசனும் வாய்மொழியாகவே ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். மறு ஆண்டே 'ஃபோர்டு 9என்' பிறந்தது. பின்னர் அவ்வுறவு முறிந்து வழக்காகி, 1952-இல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைத்தது. எழுத்தில் எழுதாத உடன்பாட்டின் பயன், பாருங்கள்! இதற்கிடையே, 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 'டிஇ 20' என்னும் சாம்பல்நிற டிராக்டர் உருவாகிவந்தது. 1956-க்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. எட்மண்ட் ஹிலாரி குழுவினர் 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென் துருவத்தை அடைந்ததும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்.

1953-இல் ஃபெர்குசனின் நிறுவனம் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. அந்த மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. நேயர்களே, இனி நம் ஊர் வயலில் டிராக்டர் உழும்போது பின்பக்கம் சென்று பாருங்கள். எந்த நிறுவனம் செய்ததாயினும், பெரும்பாலும் அந்த மூன்று கைகள் அங்கே இருக்கும்.