கடலே இல்லாத ஊரில் கடற்படைப் பள்ளி

திருவண்ணாமலையிலிருந்து வடகிழக்கே போனா அரக்கோணம். கடல் இல்லை. ஆனா கடற்படையின் ஹெலிகாப்டர் பள்ளி அங்கதான், ஐ.என்.எஸ். ராஜாளியில். 1992-ல் கொச்சியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர் கால விமானத்தளம் அது.

மாணவர்கள் பழகுவது சேத்தக்கில். பிரான்ஸின் அலுவெட் 3-ஐ, உரிமம் வாங்கி 1960-களில் பெங்களூருவில் எச்.ஏ.எல். கட்டத் தொடங்கியது. ஆள் ஏற்றும், கப்பல் தளத்தில் இறங்கும், தத்தளிக்கிறவரைக் கயிறு விட்டுத் தூக்கும், டார்பிடோகூடச் சுமக்கும். எல்லாம் சரிங்க, எஞ்சின் ஒண்ணே ஒண்ணு! நடுக்கடலில் நின்னா? எஞ்சின் இல்லாமலே, கீழிருந்து வரும் காற்றில் சுழலும் விசிறியை நம்பி இறங்கணும். 'ஆட்டோரொட்டேஷன்'. அதைத் தரைமேல்தான் முதலில் பழகணும்.

2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் விமானங்கள் கிளம்பியதும் இதே ராஜாளியிலிருந்துதான்.