ஆடைப் பரிமாற்றம் (ஒரகடம் தொழிற்பகுதி)

ஆடைப் பரிமாற்றம் என்பது, நல்ல நிலையில் இருந்தும் உடுத்தாமல் கிடக்கும் துணிகளை நண்பர்கள் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்து, காசு கைமாறாமல் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் வழக்கம். கொடுப்பவரே எடுப்பவராகவும் இருப்பதால் இது தானமாகாது. விலை இல்லாததால் பழந்துணி வியாபாரமும் ஆகாது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியில், வயதும் சம்பளமும் ஏறக்குறைய ஒத்த பெண்கள் சேர்ந்து தங்கும் விடுதிகள் இதற்கு இயல்பான களம்.

களம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். இங்கே ரெனோ–நிசான் கார் ஆலை 2010இலும், டைம்லர் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. சுற்றுவட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியதும் வெளிமாவட்டங்களிலிருந்து பெண் தொழிலாளர்கள் திரளாக வந்தனர். அருகிலுள்ள வல்லம் வடகாலில் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கானின் பெண் பணியாளர்களுக்காக ரூ.706.50 கோடியில் கட்டப்பட்ட சிப்காட் விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம்; ஓர் அறைக்கு ஆறு பேர்.

ஷிப்ட் நாட்களில் சீருடையே உடை. சொந்த உடை வெளியே வருவது வார விடுமுறையிலும், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும்போதும், ஊருக்குக் கிளம்பும்போதும், தோழி வீட்டுக் கல்யாணத்திலும்தான். ஆகவே துணி தேய்வதற்குள் சலித்துவிடுகிறது. பெட்டியும் அலமாரியும் சிறியவை. புதிதாக ஒன்று வாங்கினால் பழையதற்கு இடமில்லை. “ஒரு நாள் போட்டுட்டுத் தரேன்டீ” என்று அறைத்தோழியிடம் இரவல் வாங்குவது எல்லா மகளிர் விடுதிகளிலும் உள்ள பழக்கம். திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் அதுவே பரிமாற்றம்.

முன்வடிவங்கள்

தமிழ் வீடுகளில் பழந்துணி பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே போகும். அக்காவின் பாவாடை தங்கைக்கு, வீட்டம்மாவின் புடவை வேலைக்கு வருபவருக்கு, கிழிந்தது கரித்துணிக்கு. பழந்துணிக்குப் பாத்திரம் தரும் தெரு வியாபாரியிடம் பேரம் உண்டு. ஆனால் துணியின் மதிப்பை முடிவுசெய்பவர் அவரே. பழைய பட்டுப்புடவையை அதன் ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக வாங்குவோரும் உண்டு.

பொதுஇட வடிவங்கள் பின்னர் வந்தவை. வேண்டாத துணியைச் சுவரில் மாட்டிவைத்து, வேண்டியவர் எடுத்துச்செல்ல விடும் ‘அன்புச் சுவர்’ முறை ஈரானின் மஷாத் நகரில் 2015இல் தோன்றியது; அது 2017இல் திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியாக அமைந்தது. அதே ஆண்டில் சென்னை பெசன்ட் நகரில் தொடங்கிய ‘ஐயமிட்டு உண்’ பொதுக் குளிர்பெட்டியின் அருகே துணிக்கும் அலமாரி வைக்கப்பட்டது. இவற்றில் தருபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். இரு தரப்பும் ஒன்றேயான முறைக்குப் பிரிட்டன் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. அக்காலத்தில் மகளிர் தன்னார்வப் படை நடத்திய மாற்று நிலையங்களில், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடையைக் கொடுத்துவிட்டுப் பெரிய அளவை எடுத்துக்கொண்டார்கள்.

நடைமுறை

எளிய முறை ஒன்றுக்கு ஒன்று: எத்தனை உருப்படி வைக்கிறாரோ அத்தனை சீட்டு, சீட்டுக்கு ஓர் உருப்படி. சுடிதார் செட்டைப் பிரிக்காமல் ஒன்றாகக் கணக்கிடுவதும், புடவைக்கு இரண்டு சீட்டு தருவதும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை. ஒரே உடையை இருவர் விரும்பினால் சீட்டுக் குலுக்கலாம். ஷிப்ட் வாராவாரம் மாறுகிற இடத்தில் எல்லோருக்கும் பொதுவான விடுமுறையே நாள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்குபவர் தம் துணியையும் விருப்பத்தையும் தோழியிடம் சொல்லிவைக்கலாம்.

அளவு பார்க்கத் தேவையில்லாத புடவையும் துப்பட்டாவும் எளிதில் கைமாறும். ஜாக்கெட் அப்படியல்ல, உடலளவுக்குத் தைத்தது. உள்தையல் விட்டிருந்தால் பிரித்துத் தளர்த்தலாம், பெரிதாக இருந்தால் பிடித்துத் தைக்கலாம். டாப்ஸ், குர்த்தி போன்றவற்றில் அளவுச் சீட்டைவிட உடுத்திப் பார்ப்பதே நம்பகமானது. ஒரே எக்ஸ்எல் கடைக்குக் கடை மாறும்.

உள்ளாடை, முகூர்த்தப் புடவை, இறந்தவர் உடுத்திய துணி ஆகியவை பொதுவாக வைக்கப்படுவதில்லை. தொழிற்சாலைச் சீருடை நிறுவனத்தின் அடையாளம் என்பதால் அதுவும் சேராது. யார் எதைக் கொண்டுவந்தார் என்பதைப் பிறகு பேசாதிருப்பது எழுதாத விதி. “அது என் சுடிதார்தானே” என்ற ஒரு சொல், எடுத்தவரைத் தானம் பெற்றவராக்கிவிடும். சமமானவர்களின் ஏற்பாடு அங்கேயே முறியும்.

தூய்மை

நெருக்கமாகத் தங்கும் இடங்களில் சொறி சிரங்கு எளிதில் பரவும். அதை உண்டாக்கும் நுண்பூச்சி மனித உடலைவிட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைக்காது. எனவே துணியை வெந்நீரில் துவைத்து நன்கு உலர்த்த வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் அறைக்குள் உலர்த்திய துணியில் முடைநாற்றம் தங்கும். கோடைக்காலமும் பொங்கலுக்கு முந்தைய வாரங்களும் தோதானவை. போகியன்று பழந்துணி தீக்குப் போவதும் இதனால் குறையும்.

மிச்சம்

யாரும் எடுக்காத துணியைக் கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துக்கொள்வது முதல் வழி. அடுத்தது, 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்பிடம் சேர்ப்பது. ஆனால் அப்படி அனுப்புவதிலும் கவனம் வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில், நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணி உடுத்துவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தது. பெறுபவரின் உடையும் ஊரும் அறியாமல், அவருக்குத் தேர்வும் இல்லாமல் அனுப்பப்பட்டவை அவற்றில் மிகுதி. கூஞ்ச் அத்தகைய துணிகளைத் தரம்பிரித்துப் பயன்படுத்தியது. உடுத்த இயலாத பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய் நாப்கின்களும் செய்கிறது. ஆகவே பரிமாற்றத்தில் மிஞ்சியதைப் பிறருக்கு அனுப்பும்போதும் தோழிகளுக்கு வைத்த அதே அளவுகோலே பொருந்தும்: கிழிசலும் கறையும் இல்லாமல், பொத்தானும் ஜிப்பும் சரியாக, துவைத்து மடித்து. அதில் தேறாதது கரித்துணிக்கே.