சக்கரம் ஒட்டின சுவிட்சும் நான் அடிச்ச மெமோவும்

ஆபீஸ்ல எதாவது சொதப்பல்னா முதல்ல வர்ற கேள்வி "யாருய்யா பண்ணது?" "எப்படி ஆச்சு?"ங்கிற கேள்வி ரெண்டாவதாகூட வராது. அதை மாத்திக் கேட்ட ஒருத்தரோட கதை இது. இரண்டாம் உலகப்போர் காலத்துக் கதை.

அமெரிக்க ராணுவத்துகிட்ட பி-17னு ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம், போயிங் தயாரிப்பு. அது பத்திரமா தரையிறங்கி ரன்வேயில ஓடிட்டு இருக்கும்போதே பைலட் சக்கரத்தை உள்ளே இழுத்துடுவார். விமானம் வயிறு தரையில தேய படுத்துடும். அவர் உள்ளே இழுக்க நினைச்சது சக்கரத்தை இல்ல, இறக்கையில இருக்கிற ஃப்ளாப்பை. இப்படித் திரும்பத் திரும்ப நடந்தது. ஃபைல்ல எழுதினது ஒரே வார்த்தை: "பைலட் தவறு".

1943ல ஓஹையோவில இருந்த ரைட் ஃபீல்டுல அல்ஃபோன்ஸ் சபானிஸ்னு ஒரு இளம் உளவியலாளர் இருந்தார். அவர் கவனிச்ச விஷயம் ரொம்ப எளிசு. இதே தப்பு டகோட்டா விமானத்துல நடக்கவே இல்ல. அலட்சியம்தான் காரணம்னா, அது விமானம் பார்த்தா வரும்?

காக்பிட்டுக்குள்ள போய்ப் பார்த்தா, பி-17ல சக்கர சுவிட்சும் ஃப்ளாப் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல, அச்சு அசலா ஒரே மாதிரி! டகோட்டாவில ரெண்டும் வேற மாதிரி, வேற இடத்துல. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா பறந்துட்டு வந்த மனுஷன் எதைத் தடவுவான் பாவம்?

சபானிஸ் யாருக்கும் அட்வைஸ் பண்ணல. சக்கர சுவிட்ச் நுனியில ஒரு குட்டி ரப்பர் சக்கரம், ஃப்ளாப் சுவிட்ச்ல ஆப்பு மாதிரி ஒரு துண்டு ஒட்டச் சொன்னார் (இது நிஜ ஆப்பு :-)). கை தொட்டாலே தெரிஞ்சிடும். அந்த விபத்துகள் கிட்டத்தட்ட நின்னே போச்சு. பெரிய பயணிகள் விமானத்துல சக்கரக் கைப்பிடி சக்கர வடிவத்துலதான் இருக்கணும்னு இன்னைக்கு அமெரிக்காவில விதியே இருக்கு.

1947ல ஃபிட்ஸ், ஜோன்ஸ்னு ரெண்டு பேர் "பைலட் தவறு"ன்னு சொல்லப்பட்ட 460 சம்பவங்களை அலசினாங்க. அதுல ஏறக்குறைய பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதிலா இன்னொண்ணைத் தொட்டது!

அப்புறமும் ஏன் ஆளையே பிடிக்கிறோம்? ஆளுன்னா ஒரு பேர் எழுதினா போதும், ஃபைல் மூடிடும். அமைப்பைக் கை வெச்சா, அதை வடிவமைச்சவன், வாங்கினவன், கையெழுத்துப் போட்ட மேலதிகாரி எல்லாரும் பதில் சொல்லணும். யாரு சொல்லுவா?

நான் முன்னாடி வேலை பார்த்த ஓர் இடத்துல, கணக்கு மென்பொருள்ல சேமிக்க எஃப்8, அழிக்க எஃப்9. மாசக் கடைசி ராத்திரி ஒரு பையன் மாத்தி அமுக்கிட்டான். "கவனக்குறைவு"ன்னு மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க. அதை டைப் அடிச்சது நான்தான். எனக்கே ரெண்டு தடவை கை அந்த எஃப்9 வரைக்கும் போய்த் திரும்பியிருக்கு. வாயைத் திறக்கல.

நாலு மாசம் கழிச்சு, அவன் இடத்துக்கு வந்த புதுப் பையனும் அதே கட்டையைத்தான் அமுக்கினான்.

பழைய மெமோவை எடுத்து, பேரை மட்டும் மாத்தினேன்.