பால்வள மானியமும் மாட்டுத்தொழுவமும்: தூத்துக்குடி மானாவாரி நிலப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

விடுதலைக்குப் பின் பால்வள மேம்பாட்டிற்கென வழங்கப்பட்ட நன்கொடைகளும் மானியங்களும் பதனிடும் ஆலையையும் குளிர்விப்பு நிலையத்தையும் வளர்த்த அளவிற்கு உற்பத்தியாளரின் தொழுவத்தை வளர்க்கவில்லை. இந்த இடைவெளி உருவான வரலாற்றையும், தூத்துக்குடி போன்ற வறண்ட மாவட்டத்தில் அதன் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பால்பண்ணை, மானியம், கூட்டுறவு, தொழுவம், மானாவாரி, தூத்துக்குடி.

முன்னுரை

தூத்துக்குடிக் கடற்கரையின் பொருளியல் வரலாறு முத்து, சங்கு, உப்பு, பருத்தி ஆகிய பண்டங்களின் வழியே எழுதப்பட்டு வந்துள்ளது. இவை நாள்பட வைத்து விற்கத்தக்கவை. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகமும் இத்தகைய பண்டங்களின் போக்குவரத்துக்கே உரியது. பால் இவற்றினின்று வேறுபட்டது. கறந்த சில மணி நேரத்திற்குள் குளிர்விக்கப்படாவிடின் அது கெட்டுவிடும். எனவே பால்வளத்திற்கான அரசு உதவி தொடக்கம் முதலே கட்டமைப்பு உதவியாக அமைந்தது. அக்கட்டமைப்பு எவ்விடத்தில், எவருக்காக எழுப்பப்பட்டது என்பதே இங்கு எழும் வினா.

'பால்பண்ணை' என்னும் சொல்

தமிழில் 'பால்பண்ணை' என்னும் சொல் இருபொருள் தருகிறது. மாடு வளர்க்கும் இடமும் பால்பண்ணை. பாலைப் பதனிடும் ஆலையும் பால்பண்ணை. ஆவின் நிறுவனத்தின் மாதவரம் பால்பண்ணை, சோழிங்கநல்லூர் பால்பண்ணை என்பன ஆலைகளே. ஆகவே 'பால்பண்ணை மேம்பாட்டு நிதி' என்ற தொடரைக் காணும் ஆய்வாளர், அந்நிதி எப்பண்ணையைச் சென்றடைந்தது எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

நன்கொடையின் தொடக்கம்

சென்னையில் கூட்டுறவுப் பால் வழங்கும் ஒன்றியம் 1927-இல் தோன்றியது. எனினும் பெருமளவிலான இயந்திர உதவி விடுதலைக்குப் பின்னரே வந்தது. 1955-இல் ஆனந்தில் திறக்கப்பட்ட கைரா கூட்டுறவு ஒன்றியத்தின் ஆலைக்கு யுனிசெஃப் இயந்திரங்களை வழங்கியது; கைம்மாறாக அவ்வட்டாரக் குழந்தைகளுக்குப் பால் அளிக்க ஒன்றியம் உடன்பட்டது. 1963-இல் அமைந்த மாதவரம் பால்பண்ணைக்குக் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அரசு உதவியது. இவ்விரு நேர்வுகளிலும் நன்கொடை ஆலையின் இயந்திரங்களாகவே உருப்பெற்றது.

1970-இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃபிளட்' எனப்பட்ட பால் பெருக்குத் திட்டம் இப்போக்கை நாடு தழுவியதாக்கியது. உலக உணவுத் திட்டம் 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்பவுடரையும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பையும் நன்கொடையாக வழங்க ஒப்புக்கொண்டது. இவை பாலாக மீட்டுருவாக்கப்பட்டு நகரங்களில் விற்கப்பட்டன; விற்பனைத் தொகை கட்டமைப்பு நிதியாயிற்று. 1981 வரை நீண்ட முதற்கட்டத்தின் செலவு ஏறத்தாழ 116 கோடி ரூபாய். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய 4 பெருநகரங்களுடன் 18 பால்வள வட்டாரங்கள் இணைக்கப்பட்டன. செயற்கை முறைக் கருவூட்டல், கால்நடை மருத்துவம், தீவன ஆலை ஆகியவற்றிற்கும் நிதி சென்றது. இவை உற்பத்தியாளருக்குப் பயன்பட்டன என்பதை மறுத்தற்கில்லை. எனினும் மாடு நிற்கும் தரையும் கூரையும் குடும்பத்தின் சொந்தப் பொறுப்பாகவே விடப்பட்டன.

வறண்ட நிலத்தின் நிலை

தமிழ்நாடு பால்வள மேம்பாட்டுக் கழகம் 1972-இலும், தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981-இலும் நிறுவப்பட்டன. 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டம், பால் கொள்முதலில் அதன் பின்னரும் நெடுங்காலம் திருநெல்வேலி ஒன்றியத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தது. வருவாய் நிர்வாகம் தனித்தபோதும் பால் நிர்வாகம் உடன் தனிக்கவில்லை.

இதன் பின்புலத்தை நிலவியல்பு விளக்குகிறது. திருவைகுண்டம் பகுதி தாமிரபரணிப் பாசனம் பெறுவது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகள் மானாவாரிக் கரிசல். சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளில் தேரி மணலும் பனையும் மிகுதி. கரிசலில் மாடு முதன்மையாக உழவுக்கும் எருவுக்கும் உரியது; சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும் அதன் தீவனம். பால் உபரி குறைவான இத்தகைய ஊரில் குளிர்விப்பு நிலையம் கட்டுப்படியாகாது. குளிர்விப்பு இல்லாத ஊரில் பால் உபரி வளராது. கொள்முதல் அளவை அடிப்படையாகக் கொண்ட முதலீடு இச்சுழலை உடைக்கும் வழியைத் தன்னுள் கொண்டிருக்கவில்லை.

இனக்கொள்கை இதற்கு மற்றொரு சுமையைச் சேர்த்தது. தமிழ்நாட்டின் சமவெளிகளுக்கு ஜெர்சி கலப்பினமே பரிந்துரைக்கப்பட்டது. நாட்டு மாட்டைவிட மிகுதியாகப் பால் தரும் இவ்வினம், வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலில் குறைந்தது. நிழலும் நீரும் கூடுதலாக வேண்டுவது. மரநிழலில் கட்டிய மாட்டிற்குத் தேவைப்படாத தொழுவம், அரசின் கொள்கையாலேயே தேவையாயிற்று. அத்தேவைக்கான நிதி கொள்கையுடன் சேர்ந்து வரவில்லை.

மானியத்திலிருந்து கடனுக்கு

2010-இல் நபார்டு வழியே செயற்படுத்தப்பட்ட பால்பண்ணைத் தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டம், 2 முதல் 10 கறவைமாடுகள் கொண்ட சிறுபண்ணைகளையும் உள்ளடக்கியது. பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 33.33 விழுக்காடும் மானியம். ஆயின் அம்மானியம் வங்கிக் கடனோடு பிணைக்கப்பட்டு, கடனின் இறுதிப்பகுதியில் ஈடுசெய்யப்படுவது. எனவே கடன் பெறும் தகுதியே மானியம் பெறும் தகுதியாயிற்று. 2020-இல் அறிவிக்கப்பட்ட 15,000 கோடி ரூபாய்க் கால்நடை பராமரிப்பு உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியம் இத்திசையில் மேலும் சென்றது. அது அளிப்பது 3 விழுக்காடு வட்டிச் சலுகை.

மாநில அரசு 2011-இல் 5 ஆண்டுகளில் 60,000 விலையில்லாக் கறவைமாடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் மானியம் மாடாகவே வந்தது. அம்மாட்டிற்கான தொழுவத்திற்குப் பொதுநிதி கிடைத்த வழி பால்வளத் துறைக்கு வெளியே திறந்தது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், நலிந்த குடும்பங்களின் சொந்த நிலத்தில் மாட்டுக்கொட்டகை அமைத்தல் அனுமதிக்கப்பட்ட பணியாயிற்று. ஆயினும் அத்திட்டத்தில் கூலிக்கும் பொருட்செலவுக்கும் 60:40 என்னும் விகிதம் விதிக்கப்பட்டிருந்தது. செங்கல், சிமெண்ட், கூரைத்தகடு என்பனவற்றால் பொருட்செலவு மிகும் கொட்டகைப் பணிக்கு இவ்விகிதம் இயல்பாகவே ஒரு வரம்பாகும்.

முடிவுரை

பால்வள நிதியின் வரலாறு, நன்கொடை, மானியம், வட்டிச் சலுகை எனப் படிப்படியாக வடிவம் மாறியுள்ளது. வடிவம் மாறினும் முன்னுரிமை மாறவில்லை: பால் சேர்ந்த பின்னுள்ள கட்டமைப்பு பொதுச்சொத்தாகவும், பால் சேர்வதற்கு முன்னுள்ள கட்டமைப்பு தனிக்குடும்பத்தின் கடமையாகவும் கருதப்பட்டன. பாசனமும் உபரியும் உள்ள வட்டாரங்களில் இப்பாகுபாட்டின் விளைவு வெளிப்படையாகத் தெரியாது. நிழலே அரிதான கரிசலிலும் தேரியிலும் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்திற்கு அது வருவாய் இழப்பாகிறது. பால்வளத் திட்டங்களின் வெற்றியைக் கொள்முதல் லிட்டரால் மட்டும் மதிப்பிடும் ஆய்வுகள், தொழுவத்தையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளும்போதே மானாவாரி மாவட்டங்களின் பால்வள வரலாறு முழுமை பெறும்.