கையில் ஒட்டும் சுகர் சென்சார்: அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு

உங்கள் அப்பாவோ அம்மாவோ, ஏன் நீங்களேகூட, கையில் சுகர் சென்சார் ஒட்டியிருக்கலாம். போனில் 140 என்று காட்டும். ஆனால் அந்தக் கருவி சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. அளப்பது மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான். அதை நம்பித்தான் பலர் இன்சுலின் போடுகிறார்கள். நடுவில் உள்ள கணக்கு தப்பினால் ஆபத்து.

என்சைம் என்ன செய்கிறது?

1962-ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் சொன்ன யோசனைதான் இதற்கு அடிப்படை. தோலுக்கு அடியில் செல்லும் மெல்லிய கம்பியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் இருக்கும். அது குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கும். அந்தப் பெராக்சைடு மின்முனையில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். மின்னோட்டம் ரெடி. (சில பிராண்டுகளில் ஆக்சிஜன் வேலையை வேறொரு வேதிப்பொருள் செய்யும்.)

அப்புறம் என்ன சிக்கல்?

ஆபீஸ் கேன்டீனை நினைத்துப் பாருங்கள். பத்து கவுன்ட்டர். கூட்டம் நெருக்கினால், வெளியே நூறு பேரா இருநூறு பேரா என்பது தெரியாது. டோக்கன் ஒரே வேகத்தில்தான் வரும். என்சைமும் அப்படித்தான் திணறும். 1913-லேயே மைக்கேலிஸ், மென்டன் இதைச் சமன்பாடாக்கிவிட்டார்கள். போதாததற்கு, உடல் திரவத்தில் குளுக்கோஸைவிட ஆக்சிஜன் பல மடங்கு குறைவு. அதனால் சுகர் 350 இருக்கும்போது கருவி குறைத்துக் காட்டலாம்.

தீர்வு கொஞ்சம் விசித்திரமானது: உள்ளே வரும் குளுக்கோஸையே தடுப்பது. என்சைமுக்கு மேல், ஆக்சிஜனைத் தாராளமாகவும் குளுக்கோஸைக் கொஞ்சமாகவும் விடும் ஒரு சவ்வு. கேன்டீன் வாசலில் ஒரு கேட் போட்ட மாதிரி. கவுன்ட்டர்கள் எப்போதும் ஃப்ரீ என்பதால், டோக்கன் வேகம் வெளியே உள்ள கூட்டத்துக்கு ஏற்பவே ஏறி இறங்கும். இரண்டு கவுன்ட்டர் மூடினாலும் வித்தியாசம் தெரியாது. அதாவது, நாள்பட என்சைமில் ஒரு பகுதி செயலிழந்தாலும் அளவு மாறாது.

கேட் எவ்வளவு குறுகலாக இருக்கணும்? இங்கேதான் கணித மாடல் வருகிறது. சவ்வு வழியே ஊடுருவும் வேகத்தையும் என்சைமின் வேகத்தையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, கம்ப்யூட்டரில் தடிமனை மாற்றிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடிமனுக்கும் புதுசா சென்சார் செய்து சோதிக்க வேண்டியதில்லை.

ஆனால் தடிமனுக்கு விலை உண்டு. அது இரண்டு மடங்கானால், ஊடுருவும் நேரம் நான்கு மடங்காகும். ஏற்கெனவே தோலடித் திரவத்தின் சுகர், ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே மாறும். அதன்மேல் இந்தத் தாமதமும் சேர்ந்தால், நடு ராத்திரியில் சுகர் சரியும்போது அலாரம் லேட்டாகத்தான் அடிக்கும். என் பார்வையில், இந்தத் துறையின் உண்மையான சண்டையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அதனால் வியர்க்குது, கை நடுங்குது, ஆனா போன் நார்மல்னு சொல்லுதுன்னா, விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் பார்த்துவிடுங்கள். பாராசிட்டமாலோ வைட்டமின் சி-யோ சாப்பிட்டிருந்தால், சில சென்சார்கள் சுகரைக் கூட்டிக் காட்டும். உங்கள் கருவி எப்படி என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.