காவற்பொறுப்பும் கஞ்சாவும்

மன்னார்த் தீவின் மேற்குக் கோடியில் இருப்பது தலைமன்னார். அதன் எதிர்க்கரையில் தனுஷ்கோடி. இடைப்பட்ட கடலின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. 1914ஆம் ஆண்டு முதல் புகைவண்டிப் பயணிகளை ஏற்றிச்சென்ற கப்பல் இக்கடலிலே ஓடியது. அந்நாளில் வருவோரும் போவோரும் சுங்க அதிகாரியின் கண்முன்னே கடந்தனர். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் சேவையும் 1984இல் நின்றது. வாயில் அடைபட்டது, ஆனால் கடல் அடைபடவில்லை. கேரளக் கஞ்சா எனப்படும் சரக்கு பேசாலையிலும் தலைமன்னாரிலும் பிடிபடும் செய்தி இன்று புதியதன்று. அக்கரையைக் காப்பவனே அப்புகைக்கு அடிமையானால் என்னாகும்?

கஞ்சா எக்காலத்தும் விலக்கப்பட்ட பொருளாய் இருந்ததன்று. சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் அதனைச் சுத்திசெய்து மருந்திற் சேர்த்தனர். 1893இல் பிரித்தானிய இந்திய அரசு அமைத்த ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அளவான பழக்கத்தாற் பெருந்தீங்கு இல்லை, மிதமிஞ்சியதே கேடு என்பது அதன் முடிவு. எனினும் உலகின் போக்கு வேறாயிற்று. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இலங்கையில் 1929இல் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

அரசின் இரகசியங்களை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவர் பழக்கத்தை ஆராய்வது ஐக்கிய அமெரிக்காவில் விதியாகவே உண்டு. ஐசனோவர் 1953இல் பிறப்பித்த ஆணை, போதைப்பொருட்கு அடிமையாதலை ஆராயவேண்டிய குறைகளுள் ஒன்றாகக் கூறியது. 1986இல் ரேகனின் ஆணை, சட்டவிரோதப் போதைப்பொருள் உபயோகிப்போர் மத்திய அரசுப் பணிக்குத் தகார் என்றது. பின்னர் மாநிலங்கள் பல கஞ்சாவை அனுமதித்தபோதும் மத்திய சட்டம் அதனை முற்றாக விடுவிக்கவில்லை. 2021இல் தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் தந்த வழிகாட்டல் ஒரு நடுவழியைக் காட்டிற்று: முன்னர் உபயோகித்தமை மட்டுமே தகுதியை நிர்ணயிப்பதன்று, எப்போது, எத்தனை முறை, மீண்டும் நிகழுமா என்பனவும் நோக்கப்படும்.

இவ்வேறுபாடு மன்னாருக்கும் பொருந்தும். இளமையில் ஒருநாள் தவறியவன் வேறு. இன்றும் அதனை விடமுடியாதவன் வேறு. முன்னவன் திருந்தி நம்பிக்கைக்கு உரியவனாகலாம். பின்னவனுக்கோ சரக்கு வேண்டும். சரக்கைத் தருவோன் கடத்தற்காரன். காப்பவன் தன் எதிரியிடமே கையேந்தும்போது, அவன் அறிந்த இரோந்து நேரமும் படகின் வழியும் விலைப்பொருளாகிவிடும். அதனால் கேடு அவனோடு நில்லாது. நேர்மையாக வலைவீசி வாழும் மீனவனும் ஐயத்துக்கு ஆளாவான்.

ஆகவே பழைய தவற்றை மன்னிக்கும் பெருந்தன்மையும், இன்றைய அடிமைத்தனத்தை மறைக்க இடந்தராத கண்டிப்பும் ஒருங்கே வேண்டும். கடற்காவலுக்குப் படகும் விளக்கும் எத்துணை அவசியமோ, காப்பவனின் தெளிந்த அறிவும் அத்துணை அவசியம்.