மடி தாங்காது!

மே மாதத்தில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அடிவாரம் தாண்டியதுமே கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மொத்தம் இருபது. முன் சீட்டில் அம்மா, மடியில் கைக்குழந்தை. இன்னொரு வாண்டு இரண்டு சீட்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, 'அடுத்தது பதிமூணு!' என்று கத்தும். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபி பயிரிட்ட காலத்தில் கார் ஏது? கார் வந்த பிறகும் குழந்தையின் இடம் மட்டும் மாறவில்லை... அதே மடி!

'அம்மா மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?' என்பீர்கள். வீட்டில் கிடையாது. காரில் கணக்கே வேறு. காமர்ஸ் படித்த எனக்கே புரிந்த கணக்குதான். 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதன் மீதோ மோதி, அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் சுமார் 200 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். அதாவது, 100 கிலோ அரிசி மூட்டை இரண்டு! எந்த அம்மாவால் பிடிக்க முடியும்? அம்மாவும் பெல்ட் போடவில்லையென்றால், அவர் எடையும் சேர்ந்து குழந்தையை டாஷ்போர்டில் நசுக்கும். 'மலையில் யார் சார் ஐம்பதில் போறாங்க?' என்றால், நீங்கள் போக மாட்டீர்கள். எதிரே இறங்கி வருகிறவர்?

இது உறைக்க உலகத்துக்கே நாளாயிற்று. 1930-களில் அமெரிக்காவின் 'பன்னி பேர்' கம்பெனி குழந்தைகளுக்கென்று கார் சீட் விற்றது. பாதுகாப்புக்காக அல்ல! குழந்தை உயரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, சேட்டை பண்ணாமல் இருக்க. பிற்பாடு வந்த சிலவற்றில் பொம்மை ஸ்டீயரிங்கூட உண்டு.

திருப்பம் சுவீடனில் வந்தது. ஜெமினி விண்வெளி வீரர்கள் ராக்கெட் கிளம்பும்போது, முதுகு முழுக்கத் தாங்குகிற இருக்கையில் மல்லாந்து கிடப்பதை டி.வி.யில் பார்த்தார் பெர்டில் ஆல்ட்மன் என்ற டாக்டர். குழந்தையையும் காரின் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தால்..? 1964-ல் வால்வோ காரில் சோதனை நடந்தது. பச்சைக் குழந்தையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். கழுத்தெலும்போ இன்னும் முற்றாதது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதலில் அந்தத் தலை கழுத்தையே இழுத்துவிடும். பின்பக்கம் பார்த்திருந்தால், அடியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும்.

சட்டம் வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். டாக்டர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தைகள் மருத்துவர் விடாமல் போராடியதில், டென்னஸி மாநிலம் 1977-ல் சட்டம் போட்டு, 1978-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம். ஆனால், 'பெரியவர் கையில் வைத்திருந்தால் சீட் வேண்டாம்' என்று ஓர் ஓட்டையும் வைத்துவிட்டார்கள். அங்கேயும் மடி சென்டிமென்ட்! எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர், 'குழந்தை நசுக்கி'. 1981-ல்தான் அது ஒழிந்தது.

நம் ஊரில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 194-பி பிரிவு வந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரோட்டினால் அபராதம் 1,000 ரூபாய். ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிற போலீஸ்காரர் இதற்கு நிறுத்தி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வாங்குகிறவர்கள் வயதை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். குழந்தையின் எடையும் உயரமும்தான் முக்கியம். முதல் பிறந்தநாள் முடிந்ததுமே சீட்டை முன்பக்கம் திருப்புகிற அவசரம் வேண்டாம். அந்த சீட்டில் போட்டிருக்கிற எடை, உயர வரம்பு வரை பின்பக்கம் பார்த்தே இருக்கட்டும். இடம், கண்டிப்பாகக் காரின் பின் சீட். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் இப்படி வைத்தால், ஏர்பேக் விரிகிற வேகமே குழந்தைக்கு எமன். தோள்பட்டை வாரைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பழைய சீட் சும்மா கிடைக்கிறதென்றால், அது ஏற்கெனவே விபத்தில் சிக்கியதா என்று விசாரியுங்கள். சிக்கியதென்றால் வேண்டவே வேண்டாம்.

மலை ஏறும்போது பத்தாவது வளைவிலேயே குழந்தைக்குக் குமட்டும், அழும். பாவம்தான். அதற்காக ஓடுகிற வண்டியில் வாரை அவிழ்த்து மடிக்கு மாற்றாமல், அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். இறக்கி, முகம் துடைத்து, ரெண்டு வாய் தண்ணீர் கொடுத்து, மறுபடி மாட்டிவிட்டுக் கிளம்பலாம். ஏற்காடு ஏரி எங்கேயும் ஓடிவிடாது.